கணினிக்குள் ஓடும் ஒலியைப் பதிவு செய்யும்போது செய்யக் கூடாத தவறுகள்

கணினியில் ஓடும் ஒலியைப் பதிவு செய்தால் மின்விசிறிச் சத்தமும் வெளியே போகும் வண்டியின் ஹாரனும் சேர்ந்தே வருகிறது என்றால், பலரும் உடனே நல்ல மைக் வாங்கலாமா என்றுதான் யோசிக்கிறார்கள். ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்த ஒலியை மைக்கால் திரும்பப் பிடிப்பதுதான் பிரச்சினையே, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மைக்காக இருந்தாலும் அறையில் இருக்கும் சத்தத்தையும் அது சேர்த்துத்தான் எடுக்கும். கணினிக்குள்ளேயே இருக்கும் ஒலிக்கு மைக் எதற்கு?

மைக் குறுக்கே வருகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. எந்த ஒலியையும் ஓடவிடாமல் பதிவைத் தொடங்கிவிட்டு, பக்கத்தில் கை தட்டுங்கள். அளவுமானி அசைந்தால் மைக் உள்ளே இருக்கிறது. ஓபிஎஸ் (OBS) என்ற திரைப்பதிவுச் செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் அதில் கணினி ஒலியும் மைக்கும் ஒன்றாகவே பதிவாகும்படி இருக்கும். மிக்சரில் மைக்கை மட்டும் மியூட் செய்துவிட்டால் போதும்.

விண்டோஸில் ஸ்டீரியோ மிக்ஸை, அதாவது கணினியில் ஓடும் ஒலியையே பதிவுக்கு உள்ளீடாகத் தரும் சவுண்ட் கார்டு வசதியை, தேடி அலைவது அடுத்த தவறு. அது எல்லாக் கணினியிலும் இருக்காது, இருந்தாலும் பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள். அதை விட முக்கியமானது, அந்த சவுண்ட் கார்டு வழியாகப் போகும் ஒலியை மட்டும்தான் அது பிடிக்கும். நீங்கள் யூஎஸ்பி ஹெட்செட்டிலோ ப்ளூடூத்திலோ எச்டிஎம்ஐ மானிட்டரிலோ கேட்டுக்கொண்டிருந்தால் பதிவில் வெறும் அமைதிதான் இருக்கும். அதற்குப் பதிலாக, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவுச் செயலியில் ஹோஸ்ட் என்ற இடத்தில் விண்டோஸ் வசாபியை (Windows WASAPI) தேர்ந்தெடுத்து, பதிவுக் கருவிகளில் லூப்பேக் (வெளியே போகும் ஒலியையே பதிவுக்குத் திருப்பித் தருவது) என்று எழுதியிருப்பதை எடுங்கள். எதில் கேட்கிறீர்களோ அதே கருவியின் லூப்பேக்காக இருக்க வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். இன்னொன்று, எதுவும் ஓடாத நேரத்தில் லூப்பேக்கில் தரவே வராமல் போகலாம், அப்போது நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி பதிவில் விழாமல் போய்விடும். வீடியோவைத் தனியாக எடுத்துப் பிறகு இணைக்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி.

ஆடாசிட்டியில் சாஃப்ட்வேர் பிளேத்ரூ என்றொரு அமைப்பு உண்டு, பதிவாகும் ஒலியை அப்போதே கேட்கவிடுவது அது. கணினி ஒலியைப் பதிவு செய்யும்போது அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பதிவாகும் ஒலியே மறுபடி வெளியே போய், மறுபடி உள்ளே வந்து, எதிரொலி மேல் எதிரொலியாகக் குவியும்.

மேக்கில் குயிக்டைமைத் திறந்து நேராகப் பதிவு செய்தால் மைக் போன்ற உள்ளீட்டைத்தான் அது எடுக்கும். கணினி ஒலியை எடுக்க, பிளாக்ஹோல் போன்ற மெய்நிகர் கருவி ஒன்றை, அதாவது வெளியீட்டு ஒலியைப் பதிவுச் செயலிக்கு உள்ளீடாகக் கொண்டுபோகும் மென்பொருளை, நிறுவ வேண்டும். வெளியீட்டை முழுதாக பிளாக்ஹோலுக்கு மாற்றிவிட்டு, சத்தமே கேட்கவில்லை, கெட்டுப்போய்விட்டது என்று அதை நீக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது கெட்டுப்போகவில்லை. மேக்கிலேயே இருக்கும் ஆடியோ மிடி செட்டப் செயலியில் மல்டி அவுட்புட் கருவி ஒன்றை உருவாக்கி அதில் ஸ்பீக்கரையும் பிளாக்ஹோலையும் சேர்த்தால் கேட்கவும் செய்யலாம், பதிவும் ஆகும். லினக்ஸில் இவ்வளவு சுற்று கிடையாது, பதிவு ஓடும்போதே பாவுகண்ட்ரோல் (pavucontrol) என்ற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியைத் திறந்து, நீங்கள் கேட்கும் கருவியின் மானிட்டர் என்ற உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

ஹெட்போன் துளையிலிருந்து மைக் துளைக்கு வயர் போடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மைக் துளை மிக மெல்லிய சிக்னலைப் பெருக்குவதற்காக இருப்பது, பெரும்பாலும் மோனோ வேறு. அதில் ஹெட்போன் ஒலியை ஊட்டினால் உடைந்த சத்தமும் இரைச்சலும்தான் மிஞ்சும். ப்ளூடூத் ஹெட்செட்டிலும் கவனம் தேவை: ஏதாவது ஒரு செயலி அதன் மைக்கைத் திறந்துவிட்டால், ஒலி தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடலாம்.

அளவைப் பொறுத்தவரை, உச்சம் மைனஸ் 6 டெசிபல் அருகே நின்றால் நல்லது. 0-வைத் தாண்டி வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு ஒழுங்காக மீட்க முடியாது, குறைவாகப் பதிவானதையோ எளிதாகக் கூட்டிக்கொள்ளலாம். அப்புறம், பதிவு செய்யும் நேரத்தில் அறிவிப்புகளை நிறுத்தி வையுங்கள். அவை கணினிக்குள்ளிருந்தே வருவதால் லூப்பேக்கும் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளும், பேச்சின் மேல் விழுந்த ஒரு டிங் சத்தத்தை மட்டும் தனியே நீக்குவது லேசான வேலை இல்லை.