பி.காம். முடித்து நேராக சி.ஏ. இன்டர்: பணம் கட்டும் முன் மார்க் ஷீட்டைக் கூட்டிப் பாருங்கள்

பட்டம் பெற்றவர்கள் சி.ஏ. (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) படிப்பின் முதல் நிலையான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமலேயே, அடுத்த நிலையான இன்டர்மீடியட்டில் சேரலாம். டைரக்ட் என்ட்ரி என்று சொல்வது இதைத்தான். உதகை அரசு கலைக் கல்லூரி, குன்னூர் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி என்று மலையிலேயே பாரதியார் பல்கலைக்கழகப் பட்டம் படிப்பவர்களுக்கும் இந்த வழி உண்டு. கோச்சிங் எங்கே, புத்தகம் எது என்று விசாரிக்கும் முன் உங்கள் கல்லூரிப் படிப்பு இதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். அதற்கு யாரிடமும் போக வேண்டாம். ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

விதி இதுதான். வணிகவியல் பட்டதாரி என்றால் மொத்தத்தில் 55 சதவீதம், மற்ற பட்டதாரி என்றால் 60 சதவீதம். பட்டமேற்படிப்பு மதிப்பெண்ணையும் இதற்குக் காட்டலாம்.

1. மூன்று தாள்கள் இருக்கின்றனவா?

55 சதவீதச் சலுகை பட்டத்தின் பெயரைப் பார்த்துக் கிடைப்பதில்லை. கணக்கியல், தணிக்கை, வணிகச் சட்டம், நிறுமச் சட்டம், பொருளாதாரம், நிதி மேலாண்மை உட்பட மேலாண்மை, நேர்முக மறைமுக வரிகள், அடக்கவிலைக் கணக்கியல், வணிக நிர்வாகம், மேலாண்மைக் கணக்கியல் ஆகியவற்றில், அல்லது இவற்றை ஒத்த தாள்களில், ஏதாவது மூன்றை ஒவ்வொன்றும் 100 மதிப்பெண்ணுக்குப் படித்திருக்க வேண்டும்.

பி.காம். மாணவருக்கு இது பெரிய விஷயமில்லை. நிதிநிலைக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், வருமான வரி என்று மூன்று தாள் சுலபமாகத் தேறும். பி.பி.ஏ., பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் படித்தவர்கள் மட்டும் ஒவ்வொரு தாளாக டிக் அடித்துப் பார்ப்பது நல்லது. கம்ப்யூட்டர் பிராக்டிக்கல், பிசினஸ் கம்யூனிகேஷன், மொழித்தாள் எதையும் இந்த மூன்றில் எண்ணாதீர்கள்.

100 என்ற எண்ணைப் பார்த்துச் சிலர் பயந்துவிடுகிறார்கள். மார்க் ஷீட்டில் எழுத்துத் தேர்வுக்கு 75, இன்டர்னலுக்கு 25 என்று இருந்தால் அது 100 மதிப்பெண் தாள்தான், தாராளமாக எண்ணலாம். இன்டர்னலும் சேர்த்து மொத்தமே 75 அல்லது 50 என்று இருக்கும் தாளை விட்டுவிடுங்கள். திறன் சார்ந்த பாடங்களில் இப்படிப்பட்டவை வரும்.

2. 55 சதவீதம் எதிலிருந்து?

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

நம் ஊர்ப் பட்டங்களில் பகுதி 1 தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடங்களும் துணைப் பாடங்களும். “என்ன கிளாஸ்?” என்று கேட்டால் எல்லோரும் பகுதி 3-ஐத்தான் சொல்வார்கள். சி.ஏ. படிப்பை நடத்தும் இன்ஸ்டிடியூட் (ஐசிஏஐ) கேட்பதோ மொத்த மதிப்பெண்ணை.

எடுத்துக்காட்டாக ஒரு மாணவியின் கணக்கு:

பகுதி 3: 2400-க்கு 1344. அதாவது 56 சதவீதம்.
தமிழ், ஆங்கிலம் நான்கு தாள்: 400-க்கு 172. அதாவது 43 சதவீதம்.
மொத்தம்: 2800-க்கு 1516. அதாவது 54.14 சதவீதம்.

பகுதி 3-ஐ மட்டும் பார்த்தால் தகுதி இருப்பதுபோல் தெரிகிறது. மொத்தத்தில் 1540 வேண்டும், 24 குறைகிறது. மொழித்தாள் ஒவ்வொன்றிலும் ஆறு மதிப்பெண் கூட எடுத்திருந்தால் சரியாக 55 வந்திருக்கும். முதலாம் ஆண்டு மாணவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். “தமிழ்தானே, பாஸ் பண்ணினால் போதும்” என்று விட்ட மதிப்பெண்தான் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

சுற்றுச்சூழல் கல்வி, விரிவாக்கப் பணி போன்ற பகுதி 4, 5 பாடங்களுக்கும் ஒரு விதி இருக்கிறது. தேர்ச்சி பெற்றாலே போதும், கூடுதல் மதிப்பெண்ணுக்குத் தனிப் பயன் கிடையாது என்று பல்கலைக்கழகம் வைத்திருக்கும் பாடங்கள் சதவீதக் கணக்கில் சேராது. அதனால் அவற்றைச் சேர்த்து ஒரு முறை, விட்டு ஒரு முறை என இரண்டு விதமாகக் கூட்டுங்கள். இரண்டிலும் 55 தாண்டினால் கவலையே இல்லை. ஒன்றில் மட்டும் தாண்டினால் மார்க் ஷீட் நகலோடு இன்ஸ்டிடியூட்டுக்கு மின்னஞ்சல் போட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள். யாரோ போனில் “சரியாப் போயிடும்” என்று சொன்னதை நம்பிக் கட்டாதீர்கள்.

அரியர் வைத்திருந்தவர்கள் கூட்டும்போது வரும் தவறு ஒன்று. மூன்றாம் செமஸ்டரில் ஃபெயிலான தாள் நான்காம் செமஸ்டர் மார்க் ஷீட்டிலும் வரும். இரண்டையும் கூட்டினால் உச்ச மதிப்பெண் 100 கூடி, சதவீதம் தானாக இறங்கிவிடும். தேர்ச்சி பெற்ற மதிப்பெண்ணை மட்டும் ஒரே ஒரு முறை எடுங்கள். கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் கையில் இருந்தால் அதிலிருந்தே கூட்டுவதுதான் சரி.

இதற்கு கூகுள் ஷீட்ஸ் வசதியானது. தாளின் பெயர், பகுதி, உச்சம், பெற்றது என்று நான்கு பத்தி போடுங்கள். சிஜிபிஏ-வைச் சதவீதமாக மாற்றித் தருவதாக இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளை நம்ப வேண்டாம். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் முறை மாறும், உங்கள் மார்க் ஷீட்டில் மதிப்பெண்ணே இருக்கும்போது அது எதற்கு?

3. சதவீதம் குறைந்தால்

மூன்று வழிகள். ஒன்று, எம்.காம். படித்து அதில் 55 எடுப்பது. இரண்டு, கம்பெனி செகரட்டரி அல்லது சி.எம்.ஏ. (அடக்கவிலை, மேலாண்மைக் கணக்காளர்) படிப்பில் இன்டர்மீடியட் நிலையில் தேர்ச்சி பெற்று, அதைக் காட்டி நுழைவது. மூன்று, ஃபவுண்டேஷன் எழுதுவது. அதற்குப் பட்ட மதிப்பெண் தேவையில்லை, பிளஸ் டூ தேர்ச்சி போதும். நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் ஃபவுண்டேஷன்தான். சி.ஏ. மட்டுமே இலக்கு என்றால் எம்.காம். இரண்டு வருடத்தை எடுத்துக்கொள்ளும். பி.காம். முடித்தவருக்கு ஃபவுண்டேஷன் பாடத்தில் பாதி ஏற்கெனவே படித்ததுதான்.

4. பெயரும் இனிஷியலும்

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், ஆதாரில் முன்னால், டிகிரியில் அப்பா பெயர் முழுதாக. இப்படி மூன்று விதமாக இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரலாம். பத்தாம் வகுப்பில் உள்ளதையே அளவாக வைத்து மற்றதைத் திருத்துங்கள். ஆதாரைத் திருத்துவது எளிது, ஆனால் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஒரே தடவையில் சரியாகச் செய்யுங்கள்.

நகல்களில் கல்லூரி முதல்வர், கெஜட்டட் அதிகாரி அல்லது சி.ஏ. ஒருவரின் கையெழுத்து வாங்க வேண்டும். டி.சி. வாங்கப் போகும் அன்றே முதல்வரிடம் வாங்கிவிடுங்கள். முத்திரையில் பெயரும் பதவியும் தெளிவாகப் படிக்கும்படி இருக்கட்டும். ஸ்கேன் எடுக்க ஜெராக்ஸ் கடை மெஷின்தான் நல்லது. போன் கேமராவில் நிழல் விழுந்தால் இன்டர்னல் மதிப்பெண் பத்தியே தெரியாது.

பதிவு முழுவதும் இன்ஸ்டிடியூட்டின் எஸ்எஸ்பி (செல்ஃப் சர்வீஸ் போர்டல்) தளத்தில்தான். ஓடிபி வந்துகொண்டே இருக்கும் என்பதால் சிக்னல் விட்டுவிட்டு வரும் எஸ்டேட் பக்கமோ ஹட்டியிலோ (படுகர் கிராமம்) உட்கார்ந்து செய்யாதீர்கள், டவுனுக்கு வந்து செய்யுங்கள்.

5. எப்போது பதிவு செய்வது?

2023 ஜூலை 1-இல் வந்த புதிய திட்டப்படி பதிவுக்கும் தேர்வுக்கும் நடுவே எட்டு மாதப் படிப்புக் காலம் இருக்க வேண்டும். 2025-இல் இன்டர்மீடியட் ஜனவரி, மே, செப்டம்பர் என மூன்று முறை நடந்தது. எட்டு மாதம் பின்னால் எண்ணினால் ஜனவரித் தேர்வுக்கு முந்தைய மே 1, மே தேர்வுக்கு முந்தைய செப்டம்பர் 1, செப்டம்பர் தேர்வுக்கு அதே ஆண்டு ஜனவரி 1. ஒரு நாள் தவறினால் நான்கு மாதம் போய்விடும்.

இறுதியாண்டு மாணவர்கள் ப்ரொவிஷனலாக, அதாவது தற்காலிகமாக, பதிவு செய்யலாம். கடைசித் தேர்வு எழுதி ஆறு மாதத்துக்குள், தேவையான சதவீதத்தோடு தேறியதற்குச் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும், பணம் திரும்ப வராது, படித்த காலமும் கணக்கில் வராது. கையில் அரியர் இருப்பவர்களும், சதவீதம் 55-ஐ ஒட்டி ஊசலாடுபவர்களும் ரிசல்ட் வரும்வரை பொறுத்துப் பதிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை

ஐசிஐடிஎஸ்எஸ் வகுப்பை எப்போது முடிக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் பயிற்சி, ஓரியன்டேஷன் இரண்டும் சேர்ந்த அந்த வகுப்பை, ஒரு சி.ஏ.விடம் வேலை பழகும் இரண்டு வருட ஆர்டிகிள்ஷிப் தொடங்கும் முன் முடித்திருக்க வேண்டும். நமக்கு அது கோயம்புத்தூர் கிளையில். தினமும் மலை இறங்கி ஏறுவது நடக்காது, அங்கேயே தங்க ஏற்பாடு செய்யுங்கள். அக்டோபர், நவம்பரில் பேட்ச் கிடைத்தால் முந்தைய நாளே இறங்கிவிடுங்கள். மழையில் மண் சரிந்து பர்லியார் சாலை அடைபட்டால் கோத்தகிரி வழியாகத்தான் மேட்டுப்பாளையம் போக வேண்டியிருக்கும்.