கணினி முன் மாணவர்கள் கண்ணுக்குச் செய்யும் தவறுகள்

புராஜெக்ட் அறிக்கையை முடிக்க வேண்டிய வாரத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் பலருக்குக் கண் எரிகிறது, இரவானால் எழுத்து மங்குகிறது, நெற்றி வலிக்கிறது. உடனே பழியைத் திரையின் ஒளிமேல் போட்டு, நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. குறுகிய காலத்திலாவது கண் சோர்வைக் குறைப்பதில் இந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட மேல் என்று தெரியவில்லை. காசு போனதுகூடப் பரவாயில்லை. கண்ணாடி போட்டாயிற்று என்ற நிம்மதியில் பழைய பழக்கம் அப்படியே தொடர்கிறதே, அதுதான் வருத்தம்.

சரி, கண் ஏன் எரிகிறது? சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 முறை சிமிட்டுகிறோம். திரையைக் கூர்ந்து பார்க்கும்போது அது 5, 7 என்று இறங்கிவிடும். அதிலும் பல அரைகுறைச் சிமிட்டல்கள், மேல் இமை கீழ் இமையைத் தொடுவதே இல்லை. இமை முழுதாக மூடித் திறந்தால்தான் கண்ணீர் கண்மேல் சீராகப் பரவும். பரவாத இடம் காய்ந்து உறுத்துகிறது. ‘எனக்குத் தண்ணீராகக் கொட்டுகிறதே, வறட்சி எப்படி?’ என்று கேட்பவர்கள் உண்டு. காய்ந்த கண் உறுத்துவதால் பொங்கி வரும் நீர்தான் அது.

இந்த வறட்சியை நாமே கூட்டிக்கொள்கிறோம். மின்விசிறியோ ஏசியோ நேராக முகத்தில் அடிக்கும் இடத்தில் உட்காருகிறோம். கான்டாக்ட் லென்ஸோடு விடிய விடிய வேலை செய்கிறோம். திரையைக் கண்ணைவிட உயரத்தில் வைத்தால் கண் அகலத் திறந்து இன்னும் வேகமாகக் காயும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்கட்டும். 50 முதல் 70 சென்டிமீட்டர் தள்ளி இருப்பது நல்லது.

அடுத்தது, ஓய்வு என்று நினைத்து லேப்டாப்பை மூடிவிட்டுப் போனை எடுப்பது. கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் சிலியரி தசை இறுகியே இருக்கும். போனை இன்னும் கிட்டத்தில் பிடிப்பதால் அது மேலும் இறுகுகிறது. தசைக்கு ஓய்வு தூரத்தைப் பார்ப்பதில்தான் இருக்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். அப்படியே இமைகளை முழுதாக நாலைந்து முறை மூடித் திறந்துகொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது சொட்டு மருந்து விஷயம். அறைத்தோழருக்குக் குணமானது என்று அதே மருந்தை வாங்கிக் கண்ணில் விடுகிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் எரிச்சல் சட்டென்று அடங்கும், நல்ல மருந்து என்றே தோன்றும். மாதக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் வலியே இல்லாமல் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும். அப்படிப் போன பார்வை திரும்ப வராது. கண்புரையும் வரலாம். சிவப்பைப் போக்கும் சொட்டுகளைத் தொடர்ந்து விட்டால், நிறுத்தியதும் கண் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். வறட்சிக்குச் செயற்கைக் கண்ணீர் போதும், அதையும் மருத்துவரைக் கேட்டே வாங்குங்கள்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்று பயந்து போடாமல் இருப்பவர்களும் உண்டு. கண்ணாடியால் பவர் ஏறுவதில்லை. பெரும்பாலும் கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் சிலிண்டர் பவர் சிறிதாக இருந்தாலும், அது திருத்தப்படாமல் இருந்தால் நாள்முழுக்கத் திரை பார்ப்பவருக்குத் தலைவலி தரும். முன்பே கண்ணாடி போட்டவர்களும் வருடம் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. இருபதுகளின் தொடக்கத்திலும் கிட்டப்பார்வை கூடக்கூடும்.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் கணினியைக் காரணம் சொல்லிவிடாதீர்கள். திடீரென்று மின்னல் போல வெளிச்சம் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, பார்வையின் ஓரத்தில் திரைச்சீலை விழுந்தது போல இருந்தாலோ விழித்திரை விலகத் தொடங்கியிருக்கலாம். அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.