மதுரைக்கு ஒரு ஆப்: முதல் கூட்டத்தைச் சேர்ப்பது எப்படி

மதுரைக்காரர்களுக்கென்று ஒரு சமூக வலைதளம் தொடங்கப் போகிறீர்களா? முதலில் 'ஊர் முழுக்க' என்ற ஆசையை விடுங்கள். ஆளுக்கொரு மூலையில், யாரையும் தெரியாமல் ஆயிரம் பேர் இருந்தால் ஆப் காலியாகத்தான் தெரியும். தினமும் முகம் பார்த்துக்கொள்ளும் நூறு பேர் வந்தால் ஜேஜேவென்று இருக்கும். ஃபேஸ்புக்கே 2004-இல் ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும்தான் திறந்தது, பிறகு கல்லூரி கல்லூரியாகப் போய் 2006-இல்தான் எல்லோரையும் உள்ளே விட்டது.

சரி, எங்கே தொடங்கலாம்? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். மல்லி விலை முகூர்த்த நாளில் எகிறும், மறுநாளே படுத்துவிடும், அதனால் உசிலம்பட்டிப் பக்கம் விடிகாலையில் பூ பறிக்கிறவருக்கு இன்று கிலோ என்ன போகிறது என்பதுதான் முதல் கேள்வி. தராசுக்குப் பக்கத்தில் நின்று கேட்டு, அந்த விலையை நீங்களே தினமும் போடுங்கள். தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமல் வந்தவருக்கும் ஏதாவது கிடைக்கவேண்டும். ரெட்டிட் என்ற விவாதத் தளத்தை ஆரம்பித்தவர்கள் போலிக் கணக்குகளில் தாங்களே பதிவு போட்டு இடத்தை நிரப்பினார்கள். சந்தையில் அந்த வேலை வேண்டாம், ஒரு பொய் விலை போதும், மொத்தப் பேரும் கிளம்பிவிடுவார்கள்.

அப்புறம், டவுன்லோட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். கேட்டதற்குச் சீக்கிரம் பதில் வருகிறதா, போன வாரம் வந்தவர் இந்த வாரமும் எட்டிப் பார்த்தாரா, அதைப் பாருங்கள். கூகுள் நடத்திய சமூக வலைதளமான கூகுள் பிளஸ்ஸில் கணக்குகளுக்குக் குறைவில்லை, பேச்சுதான் இல்லை. 2019-இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். நீங்கள் விலை போடாத அன்றும் பேச்சு ஓடினால் நிலக்கோட்டைச் சந்தைக்குப் போங்கள். இரண்டு இடத்துக்கும் பூ அனுப்புகிறவர்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பார்கள், மற்றவர்களை அவர்களே கூட்டி வருவார்கள்.