ரெஃப்ரியைத் திட்டும் முன்: கால்பந்து ரீவியூவை வைத்து வாதாடப் பழகலாம்

2024 யூரோ கோப்பை, டார்ட்மண்டில் ஜெர்மனியும் டென்மார்க்கும் ஆடுகின்றன. நம்மூரில் நள்ளிரவு தாண்டிவிட்டது. இரண்டாம் பாதி தொடங்கியதும் டென்மார்க்கின் யோகிம் ஆண்டர்சன் கோல் அடிக்கிறார். கொஞ்ச நேரத்தில் கோல் ரத்து. சக வீரர் தாமஸ் டிலேனியின் கால்விரல் நுனி ஆஃப்சைடாம் (பந்து அனுப்பப்படும் கணத்தில் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் பக்கம் நிற்பது). அடுத்த சில நிமிடத்தில் மறுமுனையில் அதே ஆண்டர்சனின் கையில் பந்து உரசுகிறது. பெனால்டி. ஜெர்மனியின் ஹாவெர்ட்ஸ் அடித்து 1-0. எங்கள் வாட்ஸ்அப் குழு விடிய விடியக் கத்தியது. ஆனால் 'ரெஃப்ரிக்குக் கண் தெரியுமா தெரியாதா' என்பதற்கு மேல் ஒருவரும் போகவில்லை. நானும்தான்.

கிரிக்கெட்டில் ஊறிவிட்டு இப்போதுதான் கால்பந்து பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அடுத்த முறை சண்டை வரும்போது கீழே உள்ள வரிசையில் போய்ப் பாருங்கள்.

படி 1: டி.ஆர்.எஸ். நினைப்பைக் கழற்றி வையுங்கள்

கிரிக்கெட்டில் கேப்டன் கையால் 'டி' போட்டு ரீவியூ கேட்பார். கால்பந்தின் வி.ஏ.ஆர். (வீடியோ உதவி நடுவர்) முறையில் வீரர்கள் கேட்கவே முடியாது. கையால் டிவி பெட்டி வரைந்து காட்டி நச்சரித்தால் மஞ்சள் அட்டைதான் கிடைக்கும். வீடியோ அறையில் இருக்கும் நடுவர்கள் ஒவ்வொரு கோலையும், பெனால்டி வாய்ப்பையும் தாங்களாகவே சரிபார்த்துக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே அது முடிந்துவிடும். ரெஃப்ரி காதில் விரல் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்றால் சோதனை நடக்கிறது. காற்றில் சதுரம் வரைந்தால்தான் ரீவியூ. கடைசி வார்த்தை எப்போதும் மைதானத்தில் இருப்பவருடையது.

படி 2: ஒரு கேள்வியை இரண்டாக உடையுங்கள்

பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துவிடும். 'முடிவு சரியா?' என்பது ஒரு கேள்வி. 'வீடியோ நடுவர் தலையிட்டிருக்க வேண்டுமா?' என்பது வேறு கேள்வி. முடிவு தவறாக இருந்தும் தலையிட இடமில்லாமல் போகலாம். ஏனென்றால் தவறு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது விதி. இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம் என்கிற மாதிரி இருந்தால் மைதான முடிவே நிற்கும். நம் 'அம்பயர்ஸ் கால்' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், இங்கே எங்கே கோடு கிழிப்பது என்பதற்கு அளவுகோல் கிடையாது.

படி 3: அது ரீவியூ பட்டியலில் இருக்கிறதா?

2018-இல் ரஷ்ய உலகக் கோப்பைக்கு வி.ஏ.ஆர். வந்தபோது நான்கே விஷயங்கள்தான் அதன் கணக்கில் இருந்தன: கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை கொடுப்பது. இந்தப் பட்டியல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த இறுதி ஆட்டத்தைவிட நல்ல பாடம் கிடையாது. பிரான்சும் குரோஷியாவும் மாஸ்கோவில் ஆடின. அர்ஜென்டினாவின் நெஸ்டர் பிட்டானா நடுவர்.

18-ஆவது நிமிடம். குரோஷியாவின் புரோசோவிச் அருகில் வந்ததும் பிரான்சின் கிரீஸ்மன் விழுகிறார், ஃப்ரீ கிக் கிடைக்கிறது. பந்து குரோஷியாவின் மாஞ்சூகிச்சின் தலையில் பட்டு சொந்த வலைக்குள்ளேயே போகிறது. கிரீஸ்மன் சும்மா விழுந்தார் என்பதுதான் என் கருத்து. ஆனால் ஃப்ரீ கிக் கொடுத்தது சரியா என்பது அந்த நான்கில் இல்லை. அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைத் தொடவே முடியாது. அதே கோலில் பிரான்சின் போக்பா ஆஃப்சைடில் நின்று இடைஞ்சல் செய்தாரா என்பதைப் பார்க்கலாம். ஒரே பந்து, இரண்டு புகார்கள், ஒன்றுக்குத்தான் விசாரணை உண்டு. 'வி.ஏ.ஆர். தூங்கிவிட்டது' என்று அன்று கத்தியவர்கள் தவறான கதவைத் தட்டினார்கள்.

பட்டியலும் விதியும் காலப்போக்கில் மாறும். அதனால் ஆட்டம் எந்த ஆண்டோ அந்த ஆண்டின் விதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: அளந்து சொல்லலாமா, பார்த்துத்தான் சொல்ல வேண்டுமா?

ஆஃப்சைடு, பந்து கோட்டைத் தாண்டியதா என்பவை அளக்கிற விஷயம். இதில் 'கொஞ்சம்தானே' என்ற பேச்சே கிடையாது, டிலேனியின் விரல் நுனி என்றாலும் ஆஃப்சைடு ஆஃப்சைடுதான். 2022 கத்தார் உலகக் கோப்பையில் கூரைக்கு அடியில் 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரர் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பின்தொடர்ந்தன. பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. இதை எதிர்த்து உங்கள் கைபேசி ஸ்கிரீன்ஷாட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வாதாடாதீர்கள்.

ஸ்கிரீன்ஷாட் எப்படி ஏமாற்றும் என்று கையாலேயே பார்த்துவிடலாம். ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் டைல்ஸ் கோட்டை ஒட்டி வையுங்கள். பழம் தரையைத் தொடும் இடம் கோட்டுக்கு வெளியே இருக்கட்டும். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் இடைவெளி தெரியும், 'வெளியே போய்விட்டது' என்பீர்கள். எழுந்து நின்று நேர் மேலிருந்து பாருங்கள். பழத்தின் வயிறு கோட்டின் மேல் இருக்கும். கால்பந்து விதிப்படி முழுப் பந்தும் முழுக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. என்பதால் அதன் அடி கோட்டைவிட்டு ஏறத்தாழ 11 செ.மீ. தள்ளியிருந்தாலும் அது உள்ளேதான்.

அதே கத்தார் உலகக் கோப்பையின் ஜப்பான்–ஸ்பெயின் ஆட்டத்தில் நடந்தது இதுதான். ஜப்பானின் மிதோமா பாய்ந்து உள்ளே திருப்பிய பந்தை தனாகா கோலாக்கினார். பக்கவாட்டுப் படத்தில் கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே புல் பச்சையாகத் தெரிந்தது, உலகமே கொந்தளித்தது. மேலிருந்து எடுத்த படத்தில் 1.88 மி.மீ. அளவு பந்து கோட்டின் மேல் இருந்ததாகச் செய்திகள் சொல்லின. ஜப்பான் 2-1 என ஜெயிக்க, அதே பிரிவில் இருந்த ஜெர்மனி கோஸ்டாரிகாவை வென்றும் ஊருக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று.

ஃபவுலும் ஹேண்ட்பாலும் (கையால் பந்தைத் தொடும் தவறு) மற்ற வகை. தொட்டதா என்பதைக் கருவி சொல்லும். தவறா என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். ஆண்டர்சன் விஷயத்தில் ஸ்னிக்கோ போல ஒரு வரைபடம் திரையில் துள்ளியது நினைவிருக்கலாம். அது 'பட்டது' என்று மட்டும்தான் சொன்னது. பெனால்டி என்று சொன்னவர் மைதான ஓரத்து மானிட்டருக்குப் போய் ரீப்ளே பார்த்து வந்த ரெஃப்ரி.

படி 5: ஹேண்ட்பால் என்றால் விதியின் வாசகத்தைப் பிடியுங்கள்

மறுபடி மாஸ்கோவுக்குப் போவோம். 1-1 என்று இருக்கும்போது கார்னரிலிருந்து வந்த பந்து குரோஷியாவின் பெரிசிச்சின் கையில் படுகிறது. பிட்டானா மானிட்டரைப் பார்த்தார், மைதானத்துக்குத் திரும்பக் கிளம்பினார், என்னவோ தோன்றி மறுபடியும் போய்ப் பார்த்தார். பெனால்டி. 38-ஆவது நிமிடத்தில் கிரீஸ்மன் கோல்.

2018-இல் விதி 'வேண்டுமென்றே' தொட்டால்தான் தவறு என்றது. கை பந்தை நோக்கிப் போனதா, பந்து எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்பதைக் கணக்கில் எடுக்கச் சொன்னது. உடம்பை இயல்புக்கு மாறாக அகலமாக்கினாரா என்ற பேச்சு விதிப்புத்தகத்தில் 2019-இல்தான் வந்தது. இன்றைய விதியை வைத்து அன்றைய பெரிசிச்சைக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்? என் பார்வையில் அது இரண்டு பக்கமும் பேசக்கூடிய பந்து. ரெஃப்ரியே இரண்டு முறை போய்ப் பார்க்க வேண்டியிருந்தால் அதைப் பளிச்சென்ற தவறு என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் படி 2 கைகொடுக்கிறது: பெனால்டி தப்பு என்று சொல்லாமலே தலையீடு தப்பு என்று வாதாடலாம்.

படி 6: ரீப்ளேயின் வேகத்தைக் கவனியுங்கள்

எங்கே பட்டது, எந்த இடத்தில் நின்றார் என்பதற்கு ஸ்லோ மோஷன். எவ்வளவு பலமாக மோதினார், ஹேண்ட்பால் குற்றமா என்பதற்கு வழக்கமான வேகம். நடுவர்களுக்கான நெறிமுறையே இதுதான். மெதுவாக ஓட்டினால் எல்லாருமே திட்டம் போட்டுக் கை நீட்டுகிற மாதிரி தெரியும்.

சரி, இப்போது வீட்டுப்பாடம். அதே 2024 யூரோ, ஸ்டுட்கார்ட்டில் ஸ்பெயின்–ஜெர்மனி காலிறுதி, கூடுதல் நேரம், 1-1. ஜெர்மனியின் முசியாலா கோலை நோக்கி அடித்த பந்து ஸ்பெயினின் குகுரெயாவின் கையில் படுகிறது. ரெஃப்ரி பெனால்டி தரவில்லை. ஆண்டர்சனுக்குக் கொடுத்தார்கள், இங்கே இல்லை. அப்புறம் 119-ஆவது நிமிடத்தில் மெரினோ தலையால் முட்டி ஸ்பெயினை ஜெயிக்க வைத்தார்.

நான் எழுதிய விடை: பட்டியலில் இருக்கிறது. பட்டது உறுதி. கை உடம்பை விட்டு விலகியிருந்தது, ஆனால் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பெனால்டிதான். பளிச்சென்ற தவறா என்றால், இல்லை. வீடியோ அறை சும்மா இருந்ததைக் குறை சொல்ல மாட்டேன். குழுவில் ஜெர்மனி பக்தன் ஒருவன் இதை ஏற்கவே இல்லை. அந்தச் செப்டம்பரில், ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் நடுவர் குழு அது பெனால்டியாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று குறிப்பிட்டதாகச் செய்தி வந்தது. காலை ஏழு மணிக்கு, பல் தேய்க்கும் முன்பே, அதை எனக்கு அனுப்பியிருந்தான். கூடவே ஒரே ஒரு வார்த்தை: 'படி'.