மரக்காலில் நடக்கும் நாரை வேடம்: வீட்டிலேயே செய்யும் முறை

இந்த வேடத்தைத் தொடங்குமுன் நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர்க் குளக்கரையில் சற்று நேரம் நின்று, மஞ்சள் மூக்கு நாரை நடப்பதைப் பாருங்கள். அதன் காலில் பின்னோக்கி மடிவதை முழங்கால் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது கணுக்கால், முழங்காலோ இறகுக்குள் மறைந்திருக்கிறது. மரக்கால் கட்டியவரின் கணுக்காலும் அதே இடத்தில் அமைந்துவிடுவதால், பொய் மூட்டு எதுவும் வேண்டியதில்லை. இறகுப் பாவாடை நம் முழங்காலை மறைத்தால் போதும்.

கால்களுக்கு முடிச்சில்லாத, நன்கு உலர்ந்த அயனி அல்லது தேக்குச் சட்டம் எடுங்கள். நம் மாவட்டத்தில் எளிதில் கிடைக்கும் ரப்பர் மரத்தைப் பதப்படுத்தாவிட்டால் பூச்சி அரித்துவிடும். உள்ளே அரித்திருப்பது வெளியே தெரியாமல் போகலாம் என்பதால் இவ்வேலைக்கு அதை நான் ஏற்பதில்லை. சட்டம் 5 செ.மீ. சதுரமாக, காலின் வெளிப்புறமாக ஏறி, முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே முடிய வேண்டும். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 18 மி.மீ. பிளைவுட்டில் மிதிபலகை அமைத்து, அடியில் முக்கோண முட்டுக் கொடுங்கள். ஆணி ஒவ்வோர் அடியின் அதிர்விலும் தளரும். ஆகவே 8 மி.மீ. போல்ட்டை ஊடுருவச் செலுத்தி, வாஷரும் இரட்டை நட்டும் போட்டு முடுக்குங்கள். பழைய ஷூவை மிதிபலகையில் திருகாணியால் பொருத்தி, கெண்டைக்காலைப் பஞ்சு வைத்த நைலான் பட்டையால் கட்டுங்கள். சட்டத்தின் அடிமுனைக்குப் பைக் டயர்த் துண்டு போதும்.

கழுத்தை முதலில் நான் பி.வி.சி. குழாயில் செய்தேன், அதன் பாரம் உடலை முன்னே இழுத்ததால், நடப்பவர் ஓடவேண்டியதாயிற்று. பிறகு பிரம்புக்கு மாறினேன். கீழ் அலகைக் கீல் போட்டு, கீலுக்குப் பின்னால் மூன்று செ.மீ. நீளவிட்டு, அம்முனையில் சைக்கிள் பிரேக் கம்பியைக் கட்டுங்கள். கைப்பிடியை அழுத்தினால் கம்பி அம்முனையை மேலே இழுக்க, அலகு திறக்கும், டியூப் ரப்பர் அதை மூடும். கம்பியின் வெளியுறையை இரு முனைகளிலும் அசையாமல் பொருத்துவது மிக முக்கியம். இல்லாவிட்டால் அலகுக்குப் பதில் கழுத்தே வளையும்.

சிறகுகளுக்குப் பழைய குடைக்கம்பிகளும் மெல்லிய நைலான் துணியும் பொருந்தும். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஆடிக்காற்று வீசும் நாட்களில் சிறகு விரித்து வெளியே செல்லாதீர்கள். அது பாய்மரம்போல் ஆளைத் தள்ளிவிடும்.

முதல் வாரம் வேடமின்றி, தலைக்கவசமும் முழங்கால் காப்பும் அணிந்து, இருபுறமும் இருவர் வர, உலர்ந்த சமதரையில் மட்டும் பழகுங்கள். இடுப்பளவு மதிலில் அமர்ந்தே மரக்காலைக் கட்டவும் அவிழ்க்கவும் வேண்டும். இக்கால்களில் அசையாமல் நிற்க இயலாது. நிற்குமிடத்திலும் அடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உயர்ந்த கழுத்து மின்கம்பியில் படாதவாறு, உடன் வருபவர் ஒருவர் மேலே மட்டுமே பார்த்து வரட்டும். ஒவ்வொரு முறை கட்டுமுன்னும் எல்லா நட்டுகளையும் ஸ்பேனரால் முடுக்கிப் பாருங்கள்.