பெரிய டயர் வாங்கறதுக்கு முன்னாடி கிரவுன் ரேஷியோவைப் பாத்துக்கோங்க

என் பொலேரோவுக்கு 31 இன்ச் டயர் போட்டேன், வண்டி பாக்க யானைக்குட்டி மாதிரி நின்னுச்சு, அடுத்த வாரமே ஆசையா கொல்லிமலை ஏறினா 70 கொண்டை ஊசில பாதி கூட தாண்டல, கிளட்ச் கருகற வாசம் உள்ள வரைக்கும் வந்துருச்சு. செகண்ட்ல ஏறிட்டு இருந்த வளைவுக்கெல்லாம் ஃபர்ஸ்ட் போட வேண்டியதாச்சு. டயர் கடைல "ஒண்ணும் ஆகாதுண்ணே, எல்லாரும் போடறாங்க"ன்னு சொன்னாங்க, நானும் நம்பிட்டு இன்ஜின்லதான் கோளாறுன்னு டீசல் ஃபில்டர் வரைக்கும் மாத்திட்டேன். அப்புறம் பேப்பர் எடுத்து கணக்கு போட்டப்பதான் புரிஞ்சுது, நான் டயர் மாத்தற சாக்குல எல்லா கியரையும் ஒரேயடியா மாத்தி வச்சிருக்கேன்.

பின் ஆக்சில் நடுவுல உருண்டையா இருக்கற ஹவுசிங்குக்குள்ள ஒரு பெரிய பல்சக்கரம் இருக்குல்ல, அதுதான் கிரவுன், அதைச் சுத்த வைக்கற சின்னது பினியன். கிரவுன்ல 41 பல்லு, பினியன்ல 10 பல்லுன்னு வச்சுக்குவோம், 41ஐ 10ஆல வகுத்தா 4.1, அதாவது கியர்பாக்ஸ்லேருந்து பின்னாடி வர்ற நீளத் தண்டு, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், 4.1 தடவை சுத்தினா சக்கரம் ஒரு தடவை சுத்தும். இந்த நம்பர் டயர் மாத்தினா மாறாது. ஆனா சக்கரம் ஒரு சுத்துக்கு ரோட்ல எவ்ளோ தூரம் போகுதுங்கறது மாறிடும், அங்கதான் எல்லா வினையும்.

முதல்ல டயர் உயரம் கண்டுபிடிங்க. பொலேரோல கம்பெனி டயர் 215/75 R15. 215ங்கறது அகலம் மில்லிமீட்டர்ல, அதுல 75 சதவீதம் சைடு உயரம், 161.25. மேலயும் கீழயும் ரெண்டு சைடு, 322.5. நடுவுல ரிம் 15 இன்ச், அது 381 மில்லி. கூட்டினா 703.5. நான் போட்ட டயருக்கு மொத்த உயரமே 31 இன்ச், அது 787.4 மில்லி. பெருசை சின்னதால வகுங்க, 1.119 வருதா, கிட்டத்தட்ட 12 சதவீதம் பெருசு. இப்ப 4.1ஐ இந்த 1.119ஆல வகுங்க, 3.66. அதாவது வண்டி இப்ப 3.66 கிரவுன் போட்ட வண்டி மாதிரிதான் இழுக்கும், ரிவர்ஸ் உட்பட எல்லா கியர்லயும் இழுவை பத்துல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சு போச்சு. இதுல டயரோட எடை கூடினது தனி, அதே மாதிரி பிரேக்கும் முன்ன மாதிரி பிடிக்காது.

சமதளத்துல இது சுகமாதான் இருக்கும், அதனாலதான் நிறைய பேர் ஏமாந்துடறாங்க. 4.1 கிரவுன்ல, கியர்பாக்ஸ் ஒண்ணுக்கு ஒண்ணா இருக்கற கியர்ல, அதாவது இன்ஜினும் ஷாஃப்ட்டும் சமமா சுத்தற கியர்ல, நிஜமான 80ல போனா பழைய டயர்ல இன்ஜின் சுமார் 2470 ஆர்பிஎம், 31 இன்ச்ல 2210. சத்தம் கம்மி, அட நல்லாருக்கேன்னு தோணும். ஆனா ஸ்பீடோமீட்டர் சக்கரத்தோட சுத்தைத்தான் எண்ணுது, டயர் பெருசானது அதுக்கு எப்படித் தெரியும்? பழைய டயர்ல சரியா 80 காட்டின மீட்டர் இப்ப 80 காட்டறப்ப நீங்க 89லயோ 90லயோ போயிட்டு இருப்பீங்க. கிலோமீட்டரும் கம்மியா ஓடும், மீட்டரை வச்சு மைலேஜ் போட்டா வண்டி டீசல் குடிக்கற மாதிரியே தெரியும், 1.119ஆல பெருக்கிட்டு அப்புறம் திட்டுங்க.

சரி, உங்க வண்டி ரேஷியோ என்னன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? மாடலுக்கு மாடல், வருஷத்துக்கு வருஷம் மாறும், யாரோ சொன்ன நம்பரை நம்பாதீங்க, நீங்களே எண்ணிடலாம். சமதளத்துல நிறுத்தி முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னயும் பின்னயும் கட்டை குடுங்க. பின்னாடி ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்டு வைங்க, வெறும் ஜாக்கிய நம்பி அடில போகவே போகாதீங்க. கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் எடுத்துடணும், இல்லைன்னா சக்கரமே சுத்தாது. டயர்ல ஒரு சாக்பீஸ் கோடு, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்ல ஒரு கோடு. இப்ப டயரை மெதுவா ரெண்டு முழு சுத்து சுத்தச் சொல்லிட்டு ஷாஃப்ட் கோடு எத்தனை தடவை வருதுன்னு எண்ணுங்க. ஏன் ரெண்டு சுத்துன்னா, ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடறது டிஃபரென்ஷியல், இன்னொரு சக்கரம் தரைல நிக்கறதால அது பாதி சுத்தைத்தான் கிரவுனுக்குக் குடுக்கும். நாலு சுத்து முடிஞ்சு கோடு கொஞ்சம் தாண்டி நின்னா 4.1 பக்கம், அஞ்சுக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னா 4.88 மாதிரி. சாதா டிஃபரென்ஷியலுக்குத்தான் இந்த முறை, லாக் ஆகற வகைக்கு ஒத்து வராது.

பழைய இழுவை வேணும்னா கணக்கைத் திருப்பிப் போடுங்க, 4.1ஐ 1.119ஆல பெருக்கினா 4.59. 41க்கு 9 பல்லு செட் 4.56 வருது, பக்கத்துல வந்துருச்சு. ஆனா அந்த செட் உங்க ஹவுசிங்குக்குக் கிடைக்கணும், கிடைச்சாலும் கிரவுனையும் பினியனையும் ஜோடியாத்தான் மாத்தணும், பழைய கிரவுனுக்குப் புது பினியன்னு யாராவது சொன்னா வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க. பல்லுக்கு நடுவுல விடற இடைவெளி சரியா செட் பண்ணலைன்னா 60 தாண்டினதும் பின்னாடி ஊளையிட ஆரம்பிச்சுடும், அதை வச்சுட்டு ஊர் ஊரா போக முடியாது. 4x4 வண்டின்னா முன் ஆக்சில் கிரவுனையும் அதே ரேஷியோவுக்கு மாத்தணும், செலவு ரெண்டு மடங்கு. ஒண்ணை மட்டும் மாத்திட்டு காஞ்ச ரோட்ல 4x4 போட்டா முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிச்சுக் குடுக்கற டிரான்ஸ்ஃபர் கேஸ் கதை முடிஞ்சுது.

பழைய ஜீப் வச்சிருக்கவங்க மட்டும் இதுல கொடுத்து வச்சவங்க. சிஜே 3பி ஜீப்புல கிரவுன் 43க்கு 8, அதாவது 5.38. அதுக்கு 10 சதவீதம் பெரிய டயர் போட்டா 4.89, ரெண்டாம் உலகப்போர் காலத்து வில்லிஸ் எம்பி ஜீப்போட 4.88க்கே வந்து நிக்குது. எங்க வண்டிகளுக்கு அந்த வசதி இல்ல.

நான் கடைசில கிரவுன்ல கை வைக்கல. 31 இன்ச்சை வித்துட்டு 235/75 R15 போட்டேன், அது 733.5 மில்லி, 4 சதவீதம்தான் பெருசு, 4.1 கிரவுனுக்கு 3.93 மாதிரி ஆகும். கொல்லிமலைல திரும்ப செகண்ட்லயே ஏறுது. என்னைக் கேட்டா கிரவுன் மாத்தாம 5 சதவீதத்தைத் தாண்டாதீங்க. அளவு மாத்தறதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ்காரங்க கிட்டயும் ஆர்டிஓ விதியையும் ஒரு தடவை பாத்துக்கோங்க.

இன்னொண்ணு, ஸ்டெப்னியை மறந்துடாதீங்க. நாலு டயர் மாத்திட்டு ஸ்டெப்னி பழைய 215ஆவே தொங்கும், ஒரு நாள் பின்னாடி பஞ்சர் ஆகி அதை மாட்டினா ரெண்டு பக்கமும் உயரம் வேற வேற, நேர் ரோட்ல போனாலும் டிஃபரென்ஷியல் உள்ள சின்ன பல்லுங்க நிக்காம சுத்திட்டே இருக்கும். பஞ்சர் கடை வரைக்கும் மெதுவா உருட்டிட்டுப் போங்க, அதோட கழட்டிடுங்க.