கணினியில் திறக்கும் படம் கேமராவில் திறக்கவில்லை

கணினியில் வெளிச்சம் திருத்திய படங்களை மெமரி கார்டிலேயே திருப்பிப் போட்டேன், கேமராவை டிவியில் இணைத்துக் காட்டலாம் என்று. கணினியில் பளிச்சென்று திறந்த அதே படங்களைக் கேமரா ஏற்கவே இல்லை. கார்டு கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டு ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். கார்டில் ஒரு குறையும் இல்லை.

முதலில் பெயரைப் பார்த்தேன். படங்களை எந்தப் பெயரில், எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்று சொல்லும் டிசிஎஃப் என்ற விதிப்படி கேமராக்கள் நடப்பவை. கார்டில் உள்ள டிசிஐஎம் ஃபோல்டருக்குள் 100 முதல் 999 வரை ஓர் எண்ணும் 5 எழுத்தும் சேர்ந்த துணை ஃபோல்டர். அதற்குள் 4 ஆங்கில எழுத்து (அடிக்கோடும் சேர்த்தி), 4 இலக்கம் என்று படத்தின் பெயர். 'பிறந்தநாள் இறுதி' என்றெல்லாம் வைத்தால் கேமராவின் கண்ணில் படாது. ஐஎம்ஜி_0457 பாணிக்கு மாற்றியதும் சில படங்கள் வந்துவிட்டன.

மீதி படங்களுக்குச் சிக்கல் வேறு. எடிட்டர் அவற்றை 'புரோகிரசிவ்' ஜேபெக்காகச் சேமித்திருந்தது. இணையத்தில் மங்கலாகத் தொடங்கிப் படிப்படியாகத் தெளியும் வகை அது. பல கேமராக்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. சரி என்று 'பேஸ்லைன்' என்ற சாதாரண ஜேபெக் வகையைத் தேர்ந்தெடுத்து, எக்ஸிஃப் விவரங்களை (எடுத்த தேதி, கேமரா மாடல் போன்றவை) அழிக்காமல் மறுபடி சேமித்தேன். அத்தனையும் திறந்தன!

சில மாடல்கள் இதற்கும் மசியாது. அப்போது படங்களைப் பென்டிரைவில் போட்டு நேரே டிவியில் செருகிவிடுங்கள்.